தபசு மரத்தில் செல்லசாமி

இலங்கை மலைநாட்டில் டயகமவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் செல்லசாமியைப் போலப் பயந்த மனிதன் இன்னொருவன் இருந்ததில்லை. இதைச் சொன்னது அவனுக்கு வேண்டாதவர்கள் அல்ல. அவன் பெண்சாதி மீனம்மாதான் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் நிரம்பும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள். "எங்க வீட்டு ஆம்பளைக்கு மழை பேஞ்சா கூரை போயிருமோன்னு பயம். மழை பேயலைன்னா வேலை போயிருமோன்னு பயம். நான் என்னத்தப் பண்ணட்டும்?"

கவ்வாத்து வெட்டுவதில் அவன் கை நேர்த்திக்கு ஈடு கிடையாது. தேயிலைச் செடியை எந்த உயரத்தில் வெட்டவேண்டும் என்று அளவுக்குச்சி கொடுத்திருப்பார்கள். மற்றவர்கள் நாலு செடிக்குக் குச்சி வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கண்மதிப்பில் வெட்டிக்கொண்டு போவார்கள். செல்லசாமி ஒவ்வொரு செடிக்கும் குச்சி வைப்பான். கங்காணி கேலி பண்ணினாலும் சரி, துரை வந்து நின்றாலும் சரி, அளவு தெரியாமல் அவன் கத்தி ஓங்கமாட்டான்.

அவன் பயத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்த நாட்டில் பிறந்து, இந்தக் குளிரிலேயே எலும்பு முற்றியவன், தன் இருபத்திரண்டாவது வயதில் இந்த நாட்டுக்காரன் இல்லை என்று ஆனான். அது நாற்பத்தெட்டாம் வருஷத்துச் சட்டம். அதற்குப் பிறகு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போடலாம் என்றார்கள். கையெழுத்துப் போட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்று ஒரு கூட்டம் சொன்னது. போடாவிட்டால்தான் ஏற்றுவார்கள் என்று இன்னொரு கூட்டம் சொன்னது. செல்லசாமி இரண்டையும் நம்பினான். கடைசி நாள்வரை தள்ளிப்போட்டுவிட்டு, கடைசி நாளில் கைநாட்டு வைத்தான்.

ஏழு வருஷம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாயாரின் பெயரைக் கேட்டார். பெற்ற தாயின் பெயர் யாருக்குத் தெரியாது? ஆனால் அந்த மனிதரின் பேனா காகிதத்துக்கு மேலே காத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் செல்லசாமிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து மீனம்மா முதுகில் குத்தினாள். அப்போதும் வரவில்லை. மூன்று மாதத்தில் மனு தள்ளுபடியாகிக் கடிதம் வந்தது. அதிலிருந்து மடித்த காகிதம் எதைக் கண்டாலும் அவனுக்குப் பயம்.

அப்படிப்பட்டவன் வருஷாவருஷம் தபசு மரம் ஏறினான் என்றால் யாருக்கும் நம்புவது கஷ்டந்தான்.

மாசி மாதத்தில் மேல்கணக்கில் அருச்சுனன் தபசு நடக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தின் நடுவே முப்பத்தைந்தடி மரத்தை நட்டு, இருபத்துநாலு கட்டை அடித்திருப்பார்கள். அருச்சுனன் வேஷம் கட்டியவன் கட்டைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் சிவனைக் கும்பிட்டு, அங்கிருந்து பூவும் விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசவேண்டும். பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு கீழே மடியேந்தி நிற்பார்கள். முதல் கட்டையில் கால் வைத்த பிறகு அருச்சுனன் பேசக்கூடாது, பாட மட்டும் செய்யலாம். உச்சியைத் தொடாமல் இறங்கவும் கூடாது. இறங்கினால் தோட்டத்துக்கே ஆகாது என்பது அந்தக் காலத்திலிருந்து வந்த கட்டு.

செல்லசாமிக்கு அந்த மரம் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. மரத்தை அவனே பார்த்து வெட்டுவான். கட்டைகளை அவனே அடித்து, ஒவ்வொன்றிலும் ஏறி நின்று ஆட்டிப் பார்ப்பான். இருபத்துநாலு பாட்டும் கூத்துத் தலைவர் மாயாண்டியின் நோட்டில் இருந்தன. அவர் மரத்தடியில் நின்று அடியெடுத்துக் கொடுக்க, இவன் எழுத்துப் பிசகாமல் பாடுவான். அடுத்த காலை எங்கே வைப்பது, அடுத்த சொல் என்ன என்பது முன்கூட்டியே தெரிந்த இடம் உலகத்தில் அவனுக்கு அது ஒன்றுதான். பதின்மூன்று வருஷத்தில் ஒரு சொல்லை மாற்றியதில்லை. ஒரு வருஷம் பாட்டின் நடுவில் தும்மல் வந்துவிட்டது. அந்தப் பாட்டை முதலடியிலிருந்து மறுபடியும் பாடிவிட்டுத்தான் அடுத்த கட்டைக்குப் போனான்.

அறுபத்தோராம் வருஷம் அவன் வீட்டுக்குள் அளவு இல்லாத ஒரு பொருள் வந்து சேர்ந்தது.

மீனம்மாவின் தங்கை நாகலெட்சுமி நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் புருஷன் கந்தப்பன் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவன். விசா இருக்கும்வரை இங்கே இருக்கலாம், முடிந்தால் கப்பல் ஏறவேண்டும். கொழும்பில் ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி, துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து மீனம்மாவின் கையில் கொடுத்தான்.

"ஆறு மாசம் வச்சுக்குங்க அண்ணே. ஒரு வழி பண்ணிக்கிட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று செல்லசாமியைப் பார்த்துச் சொன்னான். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனவன்தான். ஆறு மாதம் போனது. ஒரு வருஷம் போனது. கடிதமும் இல்லை, ஆளும் இல்லை.

பன்னிரண்டு வருஷம் மடி காய்ந்து கிடந்த மீனம்மா எதையும் யோசிக்கவில்லை. சண்முகவடிவு என்று பேர் வைத்து, வடிவு வடிவு என்று வாய் ஓயாமல் கூப்பிட்டு, பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தாள். பிள்ளை அவளை அம்மா என்றது. செல்லசாமியை அப்பா என்று அழைக்க வாயெடுத்த அன்றே அவன் பதறிப்போய்த் திருத்தினான். "அப்பா கொழும்புல இருக்காரு. நான் பெரியப்பா." வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஒரே வீட்டில் ஒரு அம்மாவும் ஒரு பெரியப்பாவும் குடித்தனம் பண்ணுகிறார்கள் என்று கங்காணி பெரட்டில் வைத்தே சொன்னார்.

செல்லசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தியில் பஸ் நின்று ஹார்ன் அடித்தால் மலையில் அவன் கத்தி நின்றுவிடும். இறங்குகிறவன் கந்தப்பனாக இருந்தால்? இன்றைக்கே கூட்டிப்போகிறேன் என்றால்? பெற்றவன் கேட்டால் யார் மறிக்க முடியும்? பஸ் திரும்பிப் போய், ரோட்டில் யாரும் ஏறி வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். ஒரு நாளைக்கு நாலு பஸ். நாலு தடவை உயிர் போய் உயிர் வரும்.

ஆகையால் அவன் பிள்ளையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டான். அது கையை நீட்டிக்கொண்டு வந்தால் அவனுக்கு உடனே விறகு பிளக்கிற வேலை வந்துவிடும். ஒரு நாள் சாயந்தரம் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தபோது, பிள்ளை தானாக வந்து மடியில் படுத்துத் தூங்கிப்போயிற்று. இரண்டு மணி நேரம் கால் மரத்துப்போக, விரலைக்கூட அசைக்காமல் அப்படியே இருந்தான். மீனம்மா பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து பார்த்துச் சிரித்தபோது, "தூக்கிக்கிட்டுப் போ புள்ள. யாரு இத இங்க விட்டது?" என்று எரிந்து விழுந்தான்.

அன்றைக்கு மீனம்மாவுக்கும் கோபம் வந்தது. "அவரு வருவாரோ வராமப் போவாரோ. அதுவரைக்கும் இந்தப் புள்ள யாரு மடியில ஏறும்? சொல்லுங்க."

"ஏறி எறங்கினா வலிக்கிறது எனக்குத்தானே."

"எனக்கு வலிக்காதா?" என்றாள் அவள்.

அறுபத்துநாலாம் வருஷக் கடைசியில் இரண்டு நாட்டு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தின் செய்தி வந்தது. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும், மூன்று லட்சம் பேர் இங்கே இருக்கலாம், மிச்சப் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தேத்தண்ணிக் கடை ரேடியோ சொன்னது. ஆளாளுக்குத் தாங்கள் எந்த லட்சத்தில் என்று விரல் மடக்கினார்கள். செல்லசாமி தனக்காக மடக்கவில்லை. ஏற்கெனவே பாஸ்போர்ட் உள்ள கந்தப்பனை இனி இங்கே விட்டுவைக்க மாட்டார்கள், போகும்போது வெறுங்கையோடு போகமாட்டான் என்ற ஒன்றுதான் அவன் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அந்தப் பயத்தோடுதான் அடுத்த மாசியில் மரம் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரட்டுக்களம் நிறைய ஆட்கள். பனிமூட்டம் மரத்தின் பாதிக்கு மேலே மூடியிருந்தது. மீனம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அந்த வருஷம் அவள் ஈரப்புடவை கட்டி மடியேந்த வரவில்லை. "எனக்குத்தான் வந்திருச்சே" என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். அதைக் கேட்டும் செல்லசாமிக்குப் பயம்தான் வந்தது.

முதல் பதினான்கு கட்டைகள் வழக்கம்போலப் போயின. மாயாண்டி அடியெடுத்துக் கொடுத்தார், இவன் பாடினான், மத்தளம் முழங்கியது. பதினைந்தாம் கட்டையில் கால் வைத்தபோது பனி கலைந்து ரோடு தெரிந்தது. சந்தியில் பஸ் நின்று திரும்பிக்கொண்டிருந்தது. முதல் வளைவில் ஒரு ஆள் ஏறி வந்துகொண்டிருந்தான். வலது தோளைத் தாழ்த்தி, எதையோ சுமக்கிறவனைப் போல நடக்கிற நடை. அப்படி நடக்கிறவன் ஒருவன்தான்.

செல்லசாமி மரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். உள்ளங்கை வியர்த்து மரம் வழுக்கியது. நாலு வருஷமாக எந்த நிமிஷத்தைப் பார்த்து நடுங்கினானோ, அது வந்துவிட்டது. வந்த நேரத்தில் அவன் தரையிலிருந்து இருபதடி உயரத்தில் கிரீடமும் புஜகீர்த்தியுமாக ஒட்டிக்கொண்டிருந்தான். இறங்கக்கூடாது. கூப்பிட்டுச் சொல்லவும் கூடாது. அந்த ஆள் இரண்டாவது வளைவுக்கு வந்துவிட்டான்.

கீழேயிருந்து மாயாண்டி பதினைந்தாம் பாட்டின் முதலடியைச் சொன்னார். செல்லசாமிக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அவர் இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார். பதின்மூன்று வருஷம் பாடிய பாட்டு, ஒரு எழுத்துக்கூட அகப்படவில்லை. விசாரணை மேசைக்கு முன்னால் நின்றதைப் போலவே நாக்கு ஒட்டிக்கொண்டது. மத்தளக்காரன் கையைத் தூக்கியபடி காத்திருந்தான். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அந்த ஆள் மூன்றாவது வளைவில் திரும்பினான். அப்போது செல்லசாமியின் வாயிலிருந்து, எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாமல், ஒரு பாட்டு வந்தது.

வலையோடு வேடன் வந்தான் வாசலிலே நிற்கின்றான்
குலைநடுங்கிப் போகுதடி கொம்புமேல் நிற்பவர்க்கு
இலைமறைவில் பிஞ்சிருந்தால் எவன்கண்ணும் படுமோடி
அலையாமல் கொண்டுபோய் அறைக்குள்ளே வைத்திடடி

கூட்டம் சந்தோஷப்பட்டது. தபசைச் சோதிக்கச் சிவன் வேடனாக வருகிற கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே. மாயாண்டி மட்டும் நோட்டைப் புரட்டிப் புரட்டித் தேடினார். மீனம்மா ஒரு தடவை மேலே பார்த்தாள், ஒரு தடவை ரோட்டைப் பார்த்தாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி லயத்துக்கு ஓடினாள். உள்ளே விட்டாள், கதவைச் சாத்தினாள், வெளியே சங்கிலியை மாட்டினாள். மாட்டிவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். எல்லாவற்றையும் அவன் மேலேயிருந்து பார்த்தான்.

மிச்ச ஒன்பது கட்டைகளையும் எப்படி ஏறினான் என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. மாயாண்டி சொன்னதைக் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொன்னான். உச்சிக்குப் போனபோது மரம் ஆடியது. ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் மரம் ஆடத்தான் செய்யும். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சமாளித்தவனுக்கு, இன்றைக்குக் கண்ணை மூட முடியவில்லை.

உச்சியில் கும்பிடும்போது மத்தளம் நிற்கும். அந்த அமைதியில் அழுகைச் சத்தம் கேட்டது. அடைத்த அறைக்குள்ளிருந்து பிள்ளை கதவைத் தட்டித் தட்டி அழுதது. அது வீரிட்டு அழுகிற பிள்ளை அல்ல. பாம்பைக் கண்டபோதுகூட விரலை நீட்டிக் காட்டிய பிள்ளை. அதற்கு முதல்முதலாகப் பயத்தைக் காட்டிக்கொடுத்தது தான்தான் என்று செல்லசாமிக்கு உறைத்தது. பகல் நேரத்தில் நாலு வயதுப் பிள்ளையை இருட்டறையில் போட்டுப் பூட்டும்படி பாடியது அவன் வாய்தான். வெட்கத்தில் அவன் உடம்பு குறுகிப்போனது.

களத்தின் ஓரத்தில் கந்தப்பன் நின்றான். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் வரத் தைரியம் இல்லாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். உச்சியிலிருந்து பார்க்கும்போது மிகவும் சின்ன ஆளாகத் தெரிந்தான். கையில் ஒரு காகிதப் பை இருந்தது.

செல்லசாமி பழத்தையும் பூவையும் உடனே வீசவில்லை. முதலில் பாடினான். இந்தத் தடவை அடியெடுத்துக் கொடுக்க மாயாண்டிக்கும் ஒன்றும் இல்லை, தேடியெடுக்க இவனுக்கும் ஒன்றும் இல்லை. முதல் சொல்லைச் சொன்னபோது இரண்டாவது சொல் என்ன என்று தெரியாது. சொல்லிக்கொண்டே போனான், வந்தது.

பூட்டிவைத்த பிஞ்சுக்கு அழுகைதான் மிச்சமடி
காட்டிவிடு வந்தவர்க்குக் கதவைநீ திறந்துவிடு
நாட்டிவைத்த மரம்ஆட நானும்தான் ஆடுகிறேன்
கேட்டவரம் ஏதுமில்லை கீழிறங்கி வருகின்றேன்

மீனம்மா கதவை விட்டு அசையவில்லை. அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டியது மேலேயே தெரிந்தது. அவன் கடைசி அடியை மறுபடியும் பாடினான். அவள் திரும்பிச் சங்கிலியைக் கழற்றி, பிள்ளையைக் களத்தின் ஓரத்துக்குக் கூட்டி வந்தாள்.

பூவையும் பழத்தையும் வீசிவிட்டு அவன் இறங்கி வந்தபோது மாயாண்டி நோட்டால் தன் தொடையில் அடித்துக்கொண்டார். "ஏப்பா, நோட்டுல இல்லாததப் பாடினியே, கேட்டவரம் இல்லைன்னு அருச்சுனன் சொல்லலாமா? சிவன்கிட்ட பாசுபதம் வாங்காம எறங்கினா பாரதம் எங்க போறது?" அவருக்கு அது நியாயமான கவலை. செல்லசாமி கும்பிட்டுவிட்டு, வேஷத்தைக்கூடக் கலைக்காமல் களத்தின் ஓரத்துக்குப் போனான்.

கந்தப்பன் பிள்ளையின் முன்னால் குந்தியிருந்தான். பையிலிருந்து ஒரு ரோஜா நிறச் சட்டையை எடுத்து அதன் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆகிற சட்டை. வடிவு அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இது தம்பிப் பாப்பாவுக்கா?" என்று கேட்டது. கந்தப்பன் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"எவ்வளவு வளந்திருப்பான்னு எனக்கு ஒரு மட்டு மதிப்பும் தெரியலண்ணே" என்றான்.

"கூட்டிக்கிட்டுப் போக வந்தியா?" செல்லசாமி கேட்டுவிட்டான்.

"விசாவ இன்னும் ஒரு தடவதான் நீட்டித் தருவாங்களாம். அப்புறம் கப்பல்தான். இவ பேரையும் என் பாஸ்போர்ட்டுக் கடுதாசியில சேக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். ரெண்டு மாசத்துல வரும்ங்கிறாங்க. வராமலும் போகும்ங்கிறாங்க. வந்தா தந்தி அடிக்கிறேன். வரலைன்னா நான் மட்டுந்தான் போகணும். அங்க போயி யார்கிட்ட நிக்கிறதுன்னும் தெரியல." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இப்பவே தூக்கிக்கிட்டுப் போன்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் பஸ்ஸில வந்தேன். அதுவரைக்கும் வச்சிருப்பீங்களாண்ணே?"

நாலு வருஷம் செல்லசாமி எவனைக் கண்டு நடுங்கினானோ, அவன் இவனைக் கண்டு நடுங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறான். சிரிப்பதா அழுவதா?

"முதல்ல சாப்பிடு கந்தப்பா" என்றான். மீனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு அவன் மூன்று மணி பஸ்ஸில் போனான்.

பஸ் போன பிறகு செல்லசாமி வடிவைத் தூக்கினான். எப்படித் தூக்குவது என்று பழக்கமில்லாததால் குறுக்காகத் தூக்கினான். பிள்ளை நெளிந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவன் அழுதான். "ரெண்டு மாசமாச்சும் இருக்குல்ல புள்ள" என்று மீனம்மாவிடம் சொன்னான்.

இதற்குப் பிறகு அவன் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பயம் அதிகமானது. முன்னே பயந்தது கையில் இல்லாத ஒன்றுக்காக. இப்போது கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற ஒன்றுக்காகப் பயந்தான். தபால்காரர் அழகன் தலையைக் கண்டால் முதலில் அவர் பையைத்தான் பார்ப்பான். ஆனால் பயந்துகொண்டே பிள்ளைக்குத் தலை வாரினான், பயந்துகொண்டே முதுகில் ஏற்றிக்கொண்டு பீலிக்குப் போனான். இரண்டு மாதம் முடிந்தது, தந்தி வரவில்லை. நாலு மாதம் முடிந்தது. ஒவ்வொரு மாதமும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டு பாட்டுக் கட்டினான். எறும்பைப் பற்றி, ஒழுகுகிற கூரையைப் பற்றி, மீனம்மாவின் கோபத்தைப் பற்றி. நேற்றுப் பாடியதை மறுபடியும் பாடு என்று பிள்ளை கேட்டால் அவனுக்கு வராது, வேறொன்று வரும். மரத்தில் பாடிய இரண்டு பாட்டையும் நோட்டில் ஏற்றவேண்டும் என்று மாயாண்டி பென்சிலோடு வந்து உட்கார்ந்தார். செல்லசாமி எவ்வளவோ யோசித்துப் பார்த்தான். "சுத்தமா மறந்துபோச்சுங்க" என்றான். அவர் கோபித்துக்கொண்டு போனார்.

மறு வருஷம் தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது தந்தி வந்தது.

கவ்வாத்து மலைக்கே தேடிவந்து அழகன் அதைக் கொடுத்தார். மடித்து ஒட்டிய காகிதம். உள்ளே இங்கிலீசில் இருக்கும். செல்லசாமிக்குத் தமிழே எழுத்துக்கூட்டத்தான் தெரியும். கத்தி கையிலிருந்து நழுவிச் செடிக்குள் விழுந்தது. காகிதம் வந்துவிட்டது, பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள் என்று இருக்கலாம். வரவில்லை, நான் மட்டும் போகிறேன் என்று இருக்கலாம். கந்தப்பனுக்கே ஏதாவது ஆகிவிட்டது என்றும் இருக்கலாம். மூன்றையும் அவன் நம்பினான். ஓடையில் போட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

படித்துச் சொல்லக்கூடியவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் துரைராசா ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். செல்லசாமி கங்காணியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினான். வழியில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவைக்கும் காம்பராவுக்குள் நுழைந்து, வடிவைக் கூட்டிக்கொண்டான். ஏன் கூட்டிக்கொண்டான் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. பீலியில் பிள்ளையின் முகத்தைக் கழுவிவிட்டான். பள்ளிக்கூடம் தெரிகிற திருப்பத்தில்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் புது வருஷத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். துரைராசா வாத்தியார் பெயர்ப்பதிவு இடாப்பை விரித்து வைத்திருந்தார். செல்லசாமியின் கையிலிருந்ததைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"தந்தியே? கொண்டாங்கோ, பாப்பம்."

செல்லசாமி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "அது இருக்கட்டுங்க ஐயா. முதல்ல புள்ள பேரப் பதிஞ்சுக்குங்க."

வாத்தியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிள்ளையின் கதை தோட்டத்தில் அவருக்கும் தெரிந்ததுதான். "இஞ்சை எவ்வளவு காலம் இருப்பா?"

"தெரியாதுங்க."

"அந்தத் தந்தியிலை என்ன கிடக்கெண்டு தெரியாமல் இவவைச் சேர்த்து என்ன செய்யிறது? நாளைக்கே பேரை வெட்டவேண்டி வந்தால்?"

"வெட்டுங்க ஐயா. இன்னைக்கு இங்கதான இருக்கா. இன்னைக்கு எழுதுங்க." வாத்தியார் பேனாவை எடுத்தார், அது அந்த விசாரணை மேசையில் நின்றதைப் போலவே காகிதத்துக்கு மேலே நின்றது. அவர் பிள்ளையின் பெயரைக் கேட்டார், செல்லசாமி சொன்னான். தகப்பன் பெயரைக் கேட்டார், கந்தப்பன் என்றான். தாயின் பெயரைக் கேட்டார், நாகலெட்சுமி என்றான். வளர்க்கிறவர் யார் என்று கேட்டதற்கு மீனம்மாவையும் தன்னையும் சொன்னான். ஒவ்வொன்றாக மையில் ஏறியது.

வாத்தியார் ஒற்றுத்தாளை வைத்து எடுத்தார். வடிவு மற்றப் பிள்ளைகளோடு வாங்கில் போய் உட்கார்ந்தது. ஒரு சிலேட்டைக் கொடுத்ததும், அதைத் தூக்கி அவனுக்குக் காட்டியது. செல்லசாமி தலையாட்டினான். பிறகு வியர்வையில் நனைந்துபோன அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாத்தியாரிடம் நீட்டினான்.

"இப்ப படிங்க ஐயா" என்றான்.